பனிமலையும் வேண்டும், படிப்பும் வேண்டும்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் மகள் கணினி அறிவியல் படிக்கப் போவதில் தங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஸ்னோபோர்டு (பனியில் ஒற்றைப் பலகைமேல் நின்று சறுக்கும் விளையாட்டு) ஓட்ட வசதியான ஊர் எதுவென்று பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறாளே என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வளர்ந்து, குளிர்காலம்தோறும் டாஹோ ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் சறுக்கிப் பழகிய பெண்ணுக்கு அந்த ஆசை இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. வீட்டை விட்டுப் பிரிந்த முதல் குளிர்காலத்தில், சீக்கிரமே இருட்டிவிடும் அந்த மாதங்களில், விருப்பமான ஒரு விளையாட்டு கைவசம் உள்ள பிள்ளைகள் படிப்பிலும் சோர்ந்துபோகாமல் நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். ஆகவே அந்த ஆசையை விட்டுவிடச் சொல்லாதீர்கள். மலை எத்தனை மைல் என்று கேட்பதை விட்டு, ஒரு வகுப்பையும் தவறவிடாமல் அங்கே போய்வர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

அவள் தன் பட்டியலில் முதலில் எழுதியிருக்கும், சால்ட் லேக் நகரில் உள்ள யூட்டா பல்கலைக்கழகம் பனிக்காக மட்டும் பெயர்பெற்ற இடமன்று. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969-இல் முதன்முதலாக இணைந்த 4 இடங்களுள் அது ஒன்று. கணினி அசைவூட்டப் படங்களை எடுக்கும் பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான எட் கேட்மல் அங்கேதான் முனைவர் பட்டம் பெற்றார். கணினி வரைகலை படிப்பவர்கள் இன்றும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் தேநீர்க் கெண்டி மாதிரியை 1975-இல் மார்ட்டின் நியூவெல் உருவாக்கியதும் அங்கேதான். வரைகலையிலோ விளையாட்டு மென்பொருளிலோ அவளுக்கு நாட்டம் இருக்குமானால், பனியே பெய்யாத ஊராக இருந்தாலும் இந்தத் துறையைப் பட்டியலில் வைக்கத்தான் சொல்லுவேன்.

வளாகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், சாலை நன்றாக இருந்தால், ஸ்னோபேர்ட், ஆல்டா, பிரைட்டன், சாலிட்யூட் ஆகிய நான்கு பனிச்சறுக்கு மலைகளையும் அடைந்துவிடலாம். இவற்றுள் ஆல்டாவில் ஸ்னோபோர்டுக்கு அனுமதியே இல்லை என்பதை அவள் அறிந்திருப்பாள், தாங்களும் அறிந்துகொள்ளுங்கள். ஆனால் ‘சாலை நன்றாக இருந்தால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆல்டாவுக்கும் ஸ்னோபேர்டுக்கும் செல்லும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குச் சாலையில், இரவெல்லாம் பனி கொட்டிய பிறகு, பனிச்சரிவு அபாயத்தை நீக்கும் வரை போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள்; மலையடிவாரத்தில் கார்கள் சிவப்பு விளக்குகளோடு வரிசையாக நிற்கும்; பனிக்கு ஏற்ற டயர் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். மேலே போனவர்கள் மாலையில் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் ஓடும் பேருந்தைப் பயன்படுத்தினால் வண்டி ஓட்டும் கவலை குறையும், ஆனால் மூடிய சாலை பேருந்துக்கும் மூடிய சாலைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலைகள் சூழ்ந்த சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிட, அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துவிடும் நாட்கள் குளிர்காலத்தில் வருவதுண்டு. அப்போது புகையெல்லாம் ஊருக்குள்ளேயே அடைந்துவிடும். தங்கள் மகளுக்கு ஆஸ்துமா இருந்தால், கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

தாங்கள் விரும்பும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் படிப்பில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. கலிபோர்னியாவாசிகளுக்கான கட்டணமும் பெரிய உதவி. எனினும் டாஹோ மலைகளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும், டானர் கணவாயில் புயல் அடித்தால் 80-ஆம் எண் நெடுஞ்சாலையே மூடப்படும்; ஆகவே அங்கே ஸ்னோபோர்டு வார இறுதி விளையாட்டாகத்தான் இருக்கும். ரீனோவில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்துக்கு மவுண்ட் ரோஸ் பனிச்சறுக்கு மலை மிக அருகில் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் விண்வெளிப் பொறியியலிலும் இயற்பியலிலும் மிகச் சிறந்தது. எல்டோரா மலை சுமார் 21 மைல்தான், மற்ற பெரிய மலைகளுக்கோ வார இறுதியில் நெரிசல் மிகுந்த 70-ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும்.

கட்டணத்தில் தாங்கள் கவனிக்க வேண்டியது மேற்கு மாநிலங்களுக்கிடையிலான இளநிலை மாணவர் பரிமாற்றத் திட்டம் (Western Undergraduate Exchange). அதில் சேரும் கலிபோர்னியா மாணவர், பங்கேற்கும் பிற மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்வாசிகளின் கல்விக் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் எத்தனை இடங்கள், எந்தப் பாடப்பிரிவுகள் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. எனவே கணினி அறிவியலுக்கு அது கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தங்கள் குடும்ப மருத்துவக் காப்பீடு வேறு மாநிலத்தில் அவசரச் சிகிச்சைக்கு மட்டும்தானா என்பதையும் பாருங்கள். ஸ்னோபோர்டில் விழுபவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வது சாதாரணம்; முறிந்த பிறகு தேவைப்படும் பல வாரச் சிகிச்சைக்குப் பணம் யார் தருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் ஆலோசனை பெற்ற ஒரு மாணவர், முதல் பருவத்திலேயே ஆய்வகம், வகுப்பு, வீட்டுப்பாடம் ஒப்படைக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, வியாழன் காலை மட்டும் பச்சை மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். நான்கு ஆண்டுகளும் அந்த ஒரு காலையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. தங்கள் மகளும் இப்போதே அந்தந்தத் துறைகளின் முதலாண்டுப் பாட அட்டவணைகளைத் தேடியெடுத்து, தான் எந்த நேரத்தில் மலைக்குப் போவாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று எழுதிப் பார்க்கட்டும். பிறகு பிப்ரவரியில், வார நாள் ஒன்றில், இருவருமாக நேரில் போய் அந்த அட்டவணைப்படியே ஒரு நாளைக் கழித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளோடு என்னை வந்து சந்தியுங்கள்.