எம்.எல்.ஏ. ஆகாதவர் முதல்வராகலாமா, எத்தனை வருஷம் இருக்கலாம்?

ஆகலாம். அரசியலமைப்பின் 164(4) பிரிவு ஆறு மாதம் அவகாசம் தருகிறது, அதற்குள் சட்டமன்றத்துக்கோ, மேலவை உள்ள மாநிலமாக இருந்தால் அதற்கோ உறுப்பினராகிவிட வேண்டும். இல்லையென்றால் பதவி போய்விடும். சரி, ராஜினாமா செய்துவிட்டு மறுபடி பதவியேற்று இன்னொரு ஆறு மாதம் ஓட்டலாமா என்றால், அந்தக் குறுக்குவழியை 2001-லேயே உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது.

எங்கள் சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1952-ல் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார், முதல்வராகிவிட்டார். சட்டப்படி சரிதான், ஆனால் மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் வந்தது எனக்கு உறுத்தல்தான். அடுத்து வந்த காமராஜரும் பதவியேற்றபோது எம்.எல்.ஏ. இல்லை, எம்.பி.; ஆனால் அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்.

குறைந்தபட்ச வயது சட்டமன்றத்துக்கு 25, மேலவைக்கு 30. எத்தனை முறை முதல்வராகலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் நாற்காலி, அது போனால் ஐந்து வருஷக் கணக்கெல்லாம் செல்லாது. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி பதவியேற்ற இரண்டே நாளில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்து 122-க்கு 11 என்று ஜெயித்தது அதனால்தான்.