சிடியைவிட நுணுக்கமான 24 பிட் பாடல்களை விசிறி இரைச்சல் இல்லாமல் கேட்க வீட்டில் எந்தக் கருவி வைக்கலாம்?

கிருஷ்ணகிரியில் சின்ன ஹால், பழைய டெஸ்க்டாப், அதன் விசிறி இரைச்சலில் வீணையின் கமகம் அமுங்கிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த டெஸ்க்டாப்பை ஹாலிலிருந்து எடுத்துவிடுங்கள். விசிறியே இல்லாமல் ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கணினி, பாட்டைச் சேமிக்க சத்தம் போடாத ஒரு எஸ்எஸ்டி, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு யூஎஸ்பி டாக் (DAC) போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ நொடிக்குச் சுமார் 4.6 மெகாபிட்தான், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) கோப்பில் இன்னும் குறையும். இதற்குப் பெரிய பிராசசர் எதற்கு?

நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலை மறக்காதீர்கள். விசிறி இல்லாத பெட்டி தன் உடம்பு வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ளும். அலுமினிய கேஸாக வாங்கி, டிவி அலமாரிக்குள் திணிக்காமல் காற்றோட்டமாக வையுங்கள்.

அப்புறம் கரண்ட். இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால், அந்த இன்வெர்ட்டர், கரண்டை வெட்டி வெட்டித் தரும் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். சீராக ஏறி இறங்கும் கரண்ட் தரும் சைன் வேவ் வகையில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. எப்போதும் உறுமினால் எர்த்திங்கைச் சோதியுங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து கரண்ட் எடுங்கள். யார் சொன்னாலும் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

16 பிட் சிடி தரமே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் வீச்சு தரும். சீலிங் ஃபேன் சுற்றும் அறையில் அதற்கு மேல் காது பிடிப்பது கடினம். அதனால் விலை கூடிய டாக் வேண்டாம், அதில் மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.