இரண்டு வாரச் சேவை வேண்டாம்

கேள்வி: கென்யாவில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் தங்கிச் சேவை செய்ய என் மகள் விரும்புகிறாள். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. நைரோபியில் நான் ஆசிரியையாக இருந்தபோது, ஞாயிறுதோறும் இப்படியோர் இல்லத்துக்குப் போவேன். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வான். பாசம் என்று பூரித்துப்போனேன். யார் வந்தாலும் அவன் அப்படித்தான் செய்கிறான் என்று கண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போய்விடுகிறார்களே!

அவனுடைய தாய் உயிரோடுதான் இருந்தாள். சோறும் படிப்பும் கிடைக்கும் என்றே அவனை அங்கே விட்டிருந்தாள். இத்தகைய இல்லங்களில் பல குழந்தைகளின் கதை இதுதான். யுனிசெஃப் கணக்கிலும், பெற்றோரில் ஒருவரை மட்டும் இழந்த குழந்தை அனாதை என்றே எண்ணப்படுகிறது.

1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் இல்லங்கள் பெருகின. 2012இல் அந்நாட்டு அரசே அவற்றைப் படிப்படியாக மூடி, பிள்ளைகளை உறவினரிடமும் வளர்ப்புக் குடும்பங்களிடமும் சேர்க்க முடிவெடுத்தது. அதைத்தான் நானும் சரி என்பேன். யாருமே இல்லாத பிள்ளைக்கு, ஒரே பராமரிப்பாளர் ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும் சிறிய வீடு தேவைப்படலாம். ஐம்பது கட்டில் போட்ட கூடம் ஆகாது.

மகளின் விமானக் கட்டணத்தை, பிள்ளைகளைத் தாயிடமோ பாட்டியிடமோ திரும்பச் சேர்க்கும் அமைப்புக்கு அனுப்புங்கள். சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்று முதலில் கேளுங்கள்.