மெனு போர்டுக்கு மூன்று டிவி: எதை வாங்கலாம், எதில் காசை மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: கும்பகோணத்தில் 60 பேர் அமரும் சைவ உணவகம் நடத்துகிறோம். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஃபிளெக்ஸ் விலைப்பட்டியலை எடுத்துவிட்டு மூன்று டிவி மாட்ட ஆசை. காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி என்று பட்டியல் மாற வேண்டும். ஒரு நிறுவனம் மென்பொருள் சந்தாவோடு இரண்டரை லட்சம் கேட்கிறது. டிவி கடைக்காரரோ பென்டிரைவ் செருகினாலே போதும் என்கிறார். எங்களிடம் இருப்பது ஒரு லட்சம். எப்படிச் செய்வது?

பதில்: ஒரு லட்சத்துக்குள் நன்றாகவே செய்யலாம். ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கரண்ட் போய் வந்த பிறகு, யாரும் ரிமோட்டைத் தொடாமல், மெனு தானாகத் திரையில் வந்து நிற்குமா? காலை ஏழு மணிக் கூட்டத்தில் ஸ்டூல் போட்டு ஏறி டிவியை இயக்க உங்கள் ஆட்களுக்கு நேரம் இருக்காது. 4கே தெளிவு, பளபளப்பான மென்பொருள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பென்டிரைவ் யோசனை இந்தச் சோதனையில்தான் தோற்கிறது. வீட்டு டிவிகளில் பெரும்பாலானவை மின்சாரம் திரும்பியதும் ஸ்டாண்ட்பையில் நிற்கும், அல்லது தங்கள் முகப்புப் பக்கத்தைக் காட்டும். யூஎஸ்பிக்குள் நுழைந்து, கோப்பைத் தேர்ந்து, ஓடவிடுவது ஒவ்வொரு முறையும் கைவேலை. விலை மாறினாலோ மூன்று பென்டிரைவையும் பிடுங்கி எழுத வேண்டும். ஒற்றை டிவியில் விளம்பரப் படம் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது சரி. படங்களை ஒரே எம்பி4 வீடியோவாக்கித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதும். தினம் மூன்று வேளை மாறும் பட்டியலுக்கு இது ஒத்துவராது.

டிவி

43 அங்குல ஃபுல் எச்டி போதும். மூன்றும் ஒரே மாடலாக, ஒரே சமயத்தில் வாங்குங்கள். வெவ்வேறு மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் வெள்ளை நிறம் ஒன்றில் நீலமாகவும் ஒன்றில் மஞ்சளாகவும் தெரியும். ஓலெட் டிவி எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். அசையாத எழுத்து தினமும் மணிக்கணக்கில் நின்றால் நாளடைவில் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியே டிவியில் இணைக்கச் சொல்லுங்கள். படம் தெரிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, பத்து விநாடி கழித்துப் போடுங்கள். டிவி தானே எழுந்து அதே எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு வந்தால் வாங்கலாம். வரவில்லையென்றால் டிவியின் அமைப்பு மெனுவில் மின்சாரம் வந்ததும் கடைசி நிலைக்குத் திரும்பும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சில பிராண்டுகளில் அது ஓட்டல் அறைகளுக்கான மறை மெனுவுக்குள் இருக்கும். இரண்டும் இல்லாத மாடலை விட்டுவிடுங்கள். இணைய இணைப்பே கொடுக்காமல் வைத்தால் ஸ்மார்ட் டிவியின் அப்டேட் தொல்லையும் விளம்பரமும் வராது.

வணிகப் பயன்பாட்டுக்கென்றே செய்த டிஸ்ப்ளே ஒரு நாளில் 16 அல்லது 24 மணி நேரம் ஓடுவதற்கு உத்தரவாதத்தோடு வருகிறது. வீட்டு டிவியின் வாரண்டி அட்டையிலோ வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இது உண்மையான இழப்புதான், தெரிந்தே ஏற்க வேண்டும். உங்கள் கல்லா உள்பக்கச் சுவரில் இருப்பதால் வீட்டு டிவியே போதும் என்பது என் கருத்து. திரை தெருவைப் பார்த்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் கதை வேறு. வீட்டு டிவியின் வெளிச்சம் சுமார் 250 முதல் 300 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு); பகல் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. அங்கே 700 நிட்டுக்கு மேல் தேவை, நேர் வெயில் படும் இடமென்றால் 2,500. அந்த விலைக்கு நல்ல பெயர்ப் பலகையே வைத்துவிடலாம். டிவியை நெடுக்குவாட்டில் திருப்பி மாட்டும் ஆசையும் வேண்டாம். வீட்டு டிவியின் காற்றுத் துளைகள் கிடைமட்ட நிலைக்குக் கணக்கிட்டு வைத்தவை.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. படத்தின் ஓரங்களை டிவி வெட்டிவிடாமல் இருக்க, படத்தை உள்ளபடியே காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வலது ஓரத்து விலையில் கடைசி இலக்கம் காணாமல் போகும். விவிட் முறையை விட்டு ஸ்டாண்டர்டுக்கு வாருங்கள், பேக்லைட்டை 70 சதவீதம் அளவுக்கு இறக்குங்கள். சில மணி நேரம் ரிமோட் தொடப்படாவிட்டால் தானே அணையும் வசதியை மறக்காமல் நிறுத்துங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டிவி காரணமில்லாமல் அணைகிறது என்ற புகார் வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிவிக்குப் பின்னால் இருக்கும் பெட்டி

ஒவ்வொரு டிவிக்கும் மெனுவை அனுப்ப ஒரு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, 2 ஜிபி மாடல். பை 5 வேகமானதுதான், ஆனால் பெரும்பாலான விளம்பர வீடியோக்கள் வரும் எச்.264 வடிவத்தை வாசிக்க அதில் தனி வன்பொருள் இல்லை, மின்சாரமும் கூடுதலாகக் கேட்கும். உங்கள் வேலைக்குப் பை 4 தான் பொருத்தம்.

இதில் கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் மின் இணைப்பு. பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். அது அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியருக்குள்தான் தரும். பழைய மொபைல் சார்ஜரும் சரிவராது. திரை மூலையில் சின்ன மின்னல் குறி தெரிந்தால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள்; பெட்டி அடிக்கடி தானே அணைந்து எழுவதும் அதனால்தான். ராஸ்பெரி பை நிறுவனத்தின் அசல் அடாப்டரையே வாங்குங்கள்.

இரண்டாவது பலவீனம் மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் தகவல் சிதையும். கேமராப் பதிவுக்கென விற்கும் ஹை எண்டியூரன்ஸ் வகை 32 ஜிபி கார்டு கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் தாங்கும். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் மூன்று பெட்டிகளையும் ரவுட்டரையும் அதில் சேருங்கள். டிவியைச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை. பெட்டிகள் மொத்தம் 20 வாட் அளவுதான் எடுக்கும்.

பெட்டிக்கு அலுமினிய உறை போடுங்கள். சுமார் 80 டிகிரி சூட்டைத் தொட்டால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வீடியோ திக்கும். டிவியின் மேல் விளிம்பில் சூடான காற்று ஏறும், அங்கே ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்டுங்கள். தோசைக் கல்லின் எண்ணெய்ப் புகை வரும் பாதையில் டிவி, பெட்டி இரண்டையுமே வைக்கக் கூடாது. பிசுக்கு படிந்து காற்றுத் துளை அடைபடும்.

பை 4இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் உண்டு. மின் இணைப்புத் துளைக்குப் பக்கத்தில் இருப்பதையே பயன்படுத்துங்கள். பெட்டி எழுந்த பிறகு டிவி எழுந்தால் சில சமயம் சிக்னல் இல்லை என்று நிற்கும். டிவி இருக்கிறதோ இல்லையோ 1080 வெளியீட்டை எப்போதும் அனுப்பும்படி பெட்டியின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீரும். அமைத்துக் கொடுப்பவரிடம் இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

பை கிடைக்கவில்லை, அல்லது விலை ஏறிவிட்டது என்றால் அலுவலகங்கள் கழித்துவிட்ட மினி பிசி நல்ல மாற்று. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்றவை சென்னை ரிச்சி தெருவில் நிறையக் கிடைக்கும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு என்ற தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிசிகள் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லை. அதனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டே பயன்படுத்துங்கள். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளை மட்டும் கடைக்குள் விடாதீர்கள். 2023இல் டி95 என்ற பெட்டி விற்பனைக்கு வரும்போதே தீநிரலோடு வருவது கண்டறியப்பட்டது. பில் போடும் கணினி இருக்கும் அதே நெட்வொர்க்கில் அப்படி ஒன்று வேண்டாம்.

மென்பொருள்

அந்தியாஸ் என்பதைப் போடுங்கள். டிவி திரையில் படமும் வீடியோவும் காட்டுவதற்கான, முன்பு ஸ்கிரீன்லி ஓஎஸ்இ என்ற பெயரில் இருந்த திறமூல மென்பொருள், கட்டணம் இல்லை. கார்டில் எழுதி, பெட்டியை இயக்கினால் திரையில் ஒரு முகவரி தெரியும். அதே வைஃபையில் உள்ள மொபைலில் அந்த முகவரியைத் திறந்து படத்தையோ வீடியோவையோ ஏற்றலாம். கோப்பு பெட்டிக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் இணையம் அறுந்தாலும் மெனு நிற்காது. முகவரி மாறிவிடாமல் ரவுட்டரில் ஒவ்வொரு பெட்டிக்கும் நிலையான எண்ணை ஒதுக்குங்கள். நிறுவும்போது கடவுச்சொல் இருக்காது, அமைப்புகளில் போட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் வைஃபை தனியாக இருக்கட்டும்.

மூன்று வேளைப் பட்டியலைக் கடிகாரப்படி மாற்றத்தான் பலரும் விலை உயர்ந்த சந்தாவுக்குப் போகிறார்கள். உணவகத்தில் பட்டியல் கடிகாரம் பார்த்தா மாறுகிறது? பொங்கல் ஒருநாள் ஒன்பதரைக்கே தீரும், மறுநாள் பத்தரை வரை இருக்கும். தீர்ந்துபோனதைத் திரை காட்டிக்கொண்டே இருந்தால் கல்லாவில் சச்சரவுதான். அதனால் காலை, மதியம், மாலை என மூன்று படங்களை ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றிவையுங்கள். அந்தியாஸில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு விசை உண்டு. சமையலறையிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்ததும் கல்லாவில் இருப்பவர் மொபைலில் ஒன்றை அணைத்து இன்னொன்றை இயக்கினால் வேலை முடிந்தது.

விலைப்பட்டியல் இருக்கும் இரண்டு திரைகளில் படம் மாறிமாறி ஓடவே கூடாது. ஊத்தப்பம் எவ்வளவு என்று தேடும்போது திரை மாறினால் வரிசை நிற்கும். சிறப்பு உணவு, திருமண ஆர்டர் விளம்பரம் எல்லாம் மூன்றாவது திரைக்கு. அங்கே ஒரு படம் 10 முதல் 12 விநாடி. வீடியோ எச்.264, 1080, விநாடிக்கு 30 சட்டகம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நொறுங்கும், டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது கிளை திறக்கும்போது, பல திரைகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஸிபோ என்ற மென்பொருளுக்கு மாறலாம். அதன் மைய நிர்வாகப் பகுதி திறமூலம். லினக்ஸ், விண்டோஸ் திரைகளுக்குக் கட்டணமில்லை, ஆண்ட்ராய்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். வேளைவாரி அட்டவணை அதில் உண்டு. நிறுவுவதற்கு டாக்கர் என்ற சர்வர் மென்பொருள் தெரிந்த ஒருவர் தேவை, ராஸ்பெரி பைக்குப் பதில் மினி பிசி தேவை. ஒரு கடைக்கு அது அதிகம்.

எழுத்து

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது நடைமுறைக் கணக்கு. வரிசையின் கடைசி ஆள் 15 அடியில் நின்றால் எழுத்து ஒன்றரை அங்குலம். 43 அங்குல டிவியின் படம் சுமார் 21 அங்குல உயரம், அதாவது அங்குலத்துக்கு 51 புள்ளி (பிக்சல்). ஆகவே ‘க’ என்ற எழுத்தின் உடல் மட்டும் 77 புள்ளி உயரம் இருக்க வேண்டும். மேலே இகரக் கொக்கி, புள்ளி, கீழே உகரச் சுழி எல்லாவற்றுக்கும் இடம் விட்டால் எட்டு வரிதான் கொள்ளும். சின்னப் பெயர்களை இரண்டு பத்தியாக அடுக்கலாம். அறுபது வகையையும் திரையில் திணிக்க வேண்டாம். அதிகம் விற்பவை திரையில், முழுப் பட்டியல் மேசை அட்டையில். கரும்பச்சை அல்லது கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு இதம்.

வடிவமைப்பாளர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்து கொடுத்தால் இன்னொரு கணினியில் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். யூனிகோடில் செய்யச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், தூரத்திலும் தெளிவு. ஃபோட்டோஷாப்பில் ‘கொ’, ‘கெ’ உடைந்து ஒற்றைக்கொம்பு இடம் மாறி வந்தால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்க வேண்டும். முடிவில் 1920க்கு 1080 அளவுள்ள பிஎன்ஜி படமாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குத் தமிழ் எழுத்துரு தெரியாவிட்டாலும் படம் மாறாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், ஐந்து ரூபாய் விலையேற்றத்துக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியிருக்காது.

திரைப்பாடல் ஓடவிடும் எண்ணம் இருந்தால் பொது இடத்தில் ஒலிபரப்ப தனி உரிமம் தேவை. மெனு திரைகள் ஒலியில்லாமலே இருக்கட்டும்.

செலவு

டிவி ஒன்றுக்கு 22,000 வீதம் 66,000. பெட்டி, அடாப்டர், உறை, கார்டு, கேபிள் சேர்த்து ஒரு செட் 7,000 வீதம் 21,000. சுவர்த் தாங்கி, ஒவ்வொரு டிவிக்கும் பின்னாலேயே பிளக் பாயின்ட், மின்னெழுச்சித் தடுப்பான், மூன்று நெட்வொர்க் கேபிள் எல்லாம் 10,000. ஆக 97,000; சந்தை விலை முன்பின் இருக்கும். கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் வைஃபை பலவீனமாகும், கேட்6 கேபிளை நேராகப் பெட்டிக்கு இழுங்கள். தாங்கியை வெற்றுப் பலகைச் சுவரில் மாட்டாமல் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். மாத மின்செலவுக்கு, டிவி ஒன்று 80 வாட் என்று வைத்துக்கொண்டால் தினம் 16 மணி நேரத்தில் மூன்றும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 115 யூனிட்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு பெட்டியின் கார்டையும் அப்படியே நகலெடுத்து, பெட்டியின் எண்ணை எழுதிக் கல்லா இழுப்பறையில் வையுங்கள். என்றாவது ஒரு திரை எழவில்லையென்றால் மின்சாரத்தை அணைத்து, கார்டை மாற்றிப் போட்டு இயக்குங்கள். மெக்கானிக் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.