மீதிக் கூலியைக் கொடுப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். எத்தியோப்பியாவின் ஹவாசாவிலிருந்தும் கென்யாவின் ஆத்தி ரிவரிலிருந்தும் எனக்கு வேலை வாய்ப்புகள் வந்திருக்கின்றன. எத்தியோப்பியாவில் தையல் தொழிலாளிக்கு மாதம் 26 டாலர், கென்யாவில் 207 டாலர் என்று படித்தேன். பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி? ஹவாசாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர், அங்கே விலைவாசி குறைவு, அந்தக் கூலியே போதும் என்கிறார். அந்தப் பெண்கள் சோம்பேறிகள், மூன்று மாதம்கூட நிற்பதில்லை என்றும் சொல்கிறார். அப்படியானால் அந்தக் கூலி நியாயம்தானே? நான் எந்த நாட்டுக்குப் போகலாம்? சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் எப்படி?

கே., திருப்பூர்

*

அன்புள்ள கே.,

ஆடைகளை வாங்கும் நிறுவனம் ஒன்றுக்காக ஆலைகளின் பணிச்சூழலைச் சோதிக்கும் வேலையில் இருந்தபோது நீங்கள் சொல்லும் இரண்டு ஊர்களுக்கும் போயிருக்கிறேன். ‘அங்கே விலைவாசி குறைவு’ என்ற பேச்சை அப்போதே பலர் வாயிலாகக் கேட்டேன். அதற்குப் பதில் எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆத்தி ரிவருக்குப் பக்கத்திலுள்ள நைரோபியில் நம்மூர் மளிகைச் சாமான்கள் தாராளமாகக் கிடைக்கும், ஹவாசாவில் நீங்களே சமைத்துக்கொள்ளப் பழகிவிடுவீர்கள். பாதுகாப்பு நிலவரத்துக்கு நமது வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

நீங்கள் படித்த எண்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளி 2019இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளவை. அந்த 26 டாலர் என்பது எத்தியோப்பிய நாணயத்தில் அன்று 750 பிர்; வங்கதேசத்தில்கூட அப்போது குறைந்தபட்சக் கூலி 95 டாலராக இருந்தது. 2024 ஜூலையில் எத்தியோப்பியா தன் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டதும் பிர்ரின் மதிப்பு சில வாரங்களில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆகவே இன்றைய நிலையை அந்தப் பழைய டாலர் எண்ணை வைத்துப் பேசுவதில் பயனில்லை. எண்ணெய் என்ன விலை, அங்கே அன்றாடம் உண்ணும் தெஃப் என்ற சிறுதானிய மாவு என்ன விலை, ஓர் அறைக்கு என்ன வாடகை என்று கேட்பதுதான் சரி.

வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். கென்யாவில் குறைந்தபட்சக் கூலியை அரசு ஆணை பிறப்பித்து நிர்ணயிக்கிறது. பெருநகரத்துக்கு ஒரு விகிதம், சிற்றூர்களுக்கு வேறொரு விகிதம். மே தினக் கூட்டத்தில் குடியரசுத் தலைவர் என்ன உயர்வு அறிவிக்கப்போகிறார் என்று தொழிலாளர்கள் காத்திருப்பார்கள். 2022இல் 12 சதவீதமும் 2024இல் 6 சதவீதமும் உயர்த்தினார்கள். அதோடு, தொழிலாளி தங்க இடம் தர வேண்டும், இல்லையென்றால் கூலிக்கு மேல் வாடகைப்படி தர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 41ஆம் பிரிவில், நியாயமான ஊதியத்தையும் சங்கம் சேரும் உரிமையையும் வேலைநிறுத்த உரிமையையும் எழுதி வைத்திருக்கிறது. எத்தியோப்பியாவில் தனியார் துறைக்கு இப்படி ஒரு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்படவில்லை. அதற்கான வாரியத்துக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்ததோடு சரி. இதனால் எத்தியோப்பியாவில் சட்டமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மகப்பேறு விடுப்பு அங்கே 120 நாள், கென்யாவில் மூன்று மாதம்தான். வார வேலைநேர வரம்பு அங்கே 48 மணி, கென்யாவின் பொதுக் கூலி ஆணையில் 52 மணி. கூலி என்ற ஓர் இடத்தில் மட்டும் எத்தியோப்பிய அரசு வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்தது, அந்த மலிவான கூலியையே முதலீட்டாளர்களுக்கு விளம்பரமும் செய்தது.

இனி அந்தச் ‘சோம்பேறிகள்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதை உங்களிடம் மறைப்பதற்கில்லை. நண்பர் சொன்னார் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், அதை நம்பித்தான் ‘அப்படியானால் நியாயம்தானே’ என்று கேட்கிறீர்கள். கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டெஃபான் டெர்கான் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எத்தியோப்பியாவில் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் வேலை கிடைத்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே விலகினார். ஓராண்டுக்குள் விலகியவர்கள் 77 சதவீதம். விலகியவர்கள் வீட்டில் படுத்துக்கொள்ளவில்லை. சந்தையில் விற்றார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள், வயலில் உழைத்தார்கள். ஆலை வேலை கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களுடையதைவிடக் கூடவில்லை, உடல்நலக் கேடுதான் கூடியது. கணக்குத் தெரிந்த எவரும் விலகத்தான் செய்வார்கள். திருப்பூரில் இரண்டு ரூபாய் பீஸ் ரேட் கூடுதலாகக் கிடைத்தால் அடுத்த தெருக் கம்பெனிக்கு மாறும் டெய்லரை நீங்கள் சோம்பேறி என்பீர்களா?

ஹவாசாவில் 2019இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்பூங்காவில் வேலை செய்த ஒரு பெண்ணின் அறைக்கு மொழிபெயர்ப்பாளருடன் போயிருந்தேன். வயது இருபதுக்குள்தான் இருக்கும். மரக்கழிகளை நட்டு மண் பூசிய சுவர், தகரக் கூரை, தரையில் ஒட்டிப் போட்ட இரண்டு ஸ்பாஞ்சு மெத்தைகள், அவற்றில் நான்கு பெண்கள். நால்வரும் வாடகையைப் பங்கிட்டும்கூட அது கூலியில் பெரும்பகுதியை விழுங்கியது. கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை இருந்தது, திறந்து காட்டினாள். உள்ளே இலையில் பொதிந்த கொச்சோ. வாழையைப் போலிருக்கும் என்செட் மரத்தின் அடித்தண்டைச் சுரண்டி, குழியில் புதைத்துப் புளிக்க வைத்து எடுக்கும் மாவு அது. ஹவாசா பகுதியில் வாழும் சிடாமா மக்களின் அன்றாட உணவு. அந்த மூட்டையை அவளுடைய தந்தை சில வாரங்களுக்கு ஒருமுறை பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாராம். கூலியிலிருந்து வீட்டுக்கு என்ன அனுப்புகிறாய் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை முடிப்பதற்குள் அறையிலிருந்த நால்வரும் சிரித்துவிட்டார்கள்.

கே., நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு மனிதர் உண்டு, உறங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெம்போடு ஆலை வாசலில் வந்து நிற்பதற்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவுக்குக் கூலி போதவில்லை என்றால் மீதியை யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹவாசாவில் அதைக் கொடுத்தவர் அந்தத் தந்தை. ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்தில், முதிர நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும் மரத்தை வெட்டி, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, அமெரிக்கக் கடைகளுக்குச் சட்டை தைக்கும் ஆலைக்கு அவர் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அந்த மூட்டை ஏறாது. அதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு விலைவாசி குறைவாகத்தான் தெரியும். உங்கள் நண்பர் இறைச்சிக்கும் காபிக்கும் கொடுத்த விலையைத் தன் டாலர் சம்பளத்தால் வகுத்துப் பார்த்திருக்கிறார்; அந்த விலையை 750 பிர்ரால் வகுத்துப் பார்க்கவில்லை. ஊரிலிருந்து மூட்டை வருவது நின்றால் அந்தப் பெண் ஆலையில் நிற்க மாட்டாள், நிற்கவும் முடியாது. அவள் போனதும் ‘சோம்பேறி’ என்று எழுதிவிட்டு அடுத்த பெண்ணை அழைப்பார்கள். அவளுக்கும் ஒரு தந்தை மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

ஆத்தி ரிவரில் சம்பள நாள் மாலையில் ஆலைக்கு வெளியே உள்ள எம்-பெசா (கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை) கடைகளின் முன்னால் நின்றிருக்கிறேன். வரிசையில் இருந்த பெண்களில் பலர் ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள். ஒரு பெண் மச்சாகோஸ் என்ற ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்தாள். பணம் ஆலையிலிருந்து ஊருக்குப் போனது. கென்யாவைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே குறுகிய கால ஒப்பந்தத்தில் எடுத்து, முடிந்ததும் மறுபடி வாசலில் நிற்க வைக்கிறார்கள்; கட்டாய ஓவர்டைம் புகார்கள் உண்டு; அந்த 207 டாலரிலும் கடன் இல்லாமல் மாதம் முடித்தவர்கள் குறைவு. நாட்டின் வேலைகளில் பத்தில் எட்டுக்கும் மேல் முறைசாராத் துறையில் இருப்பதால் அந்தக் கூலி ஆணை பெரும்பாலானவர்களை எட்டுவதே இல்லை. அந்தக் கூலியும் கருணையால் வந்ததல்ல. 2003 ஜனவரியில் ஆத்தி ரிவரிலும் நைரோபியிலும் ஏற்றுமதி மண்டல ஆலைகளின் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். அதற்குப் பின்புதான் சங்கம் என்ற பேச்சையே பல ஆலைகள் காதில் வாங்கின.

எத்தியோப்பியத் தொழிலாளர்களின் உற்பத்தித் திறன் குறைவு, அதற்கேற்ற கூலிதான் கொடுக்கிறோம் என்ற வாதமும் உண்டு. அதற்கும் ஒரு வார்த்தை. அங்கே சராசரியாக ஓராண்டுக்குள் ஆலையின் மொத்தத் தொழிலாளர்களும் மாறிவிடுகிறார்கள் என்று அதே 2019 அறிக்கை சொல்கிறது. ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் பழக்கிய பெண் பழகி முடித்த மாதத்தில் போய்விட்டால் லைனின் திறன் எப்படி ஏறும்? லைன் நடத்துபவர் நீங்கள், இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டு மடங்கு கூலி கொடுத்த கென்யா எத்தியோப்பியாவைவிட அதிகமாகவே ஆடை ஏற்றுமதி செய்துவந்தது. 2022 ஜனவரியில், எத்தியோப்பியாவின் வடக்கே நடந்த டிக்ரே உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி, அமெரிக்கா எத்தியோப்பியாவுக்குத் தந்துவந்த வரிச்சலுகையை நிறுத்தியது. அதன்பின் குறைந்த கூலி ஆலைகளைப் பிடித்துவைக்கவில்லை. பழகிய கைகளும் மிஞ்சவில்லை.

உங்களுக்கு வேலை எது நல்லது என்றால், ஆத்தி ரிவருக்குப் போங்கள். அங்கே உங்களை எதிர்த்துக் கேட்கும் லைன் லீடர்களும் சங்கத்துக்காரர்களும் இருப்பார்கள், அவர்களிடம் தொழில் கற்றுக்கொள்வீர்கள். ஹவாசாதான் என்று முடிவுசெய்தால், கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: லைனில் இருப்பவர்களுக்கு இன்று அடிப்படைக் கூலி எத்தனை பிர், 2024 ஜூலைக்குப் பிறகு அது எத்தனை முறை உயர்ந்தது, மதியச் சாப்பாடும் தங்குமிடமும் ஆலை தருகிறதா. பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். மறுத்தால் அதையும் எழுதுங்கள்.