பழைய லொக் புத்தகத்தைக் கிழிக்காதீர்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பஸ் ஓனர், சட்டத்தரணியான எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பஸ்களில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன் தொழிற்சாலை பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் அனுப்புகிறதாம். மூன்று வாரம்தான் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட, மாடு குறுக்கே வந்து பஸ் மதகில் ஏறியதில் ஒரு பிள்ளைக்கு வலது கை முறிந்தது. சாரதியை அன்றே நிறுத்திவிட்டார். இப்போது அந்தச் சாரதி தொழிற்சாலைக்குப் பெட்டிசம் போட்டிருக்கிறார். பஸ்ஸின் ஓட்டத்தையும் பழுதையும் அன்றன்று எழுதி வைக்கும் லொக் புத்தகம் பற்றித்தான் ஓனருடைய கேள்வி: “லொக் புத்தகம் ஒழுங்காக இல்லை. புதுப் புத்தகம் ஒன்று எடுத்து ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் பிழையா? எல்லா ஓனர்மாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?”

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சாரதி செய்த நன்றிகெட்ட வேலை, தொழிற்சாலை காசைப் பிந்தித் தருவது, டீசல் ஏறியும் வாடகை ஏறாதது என்று மூன்றரைப் பக்கம் போயிருக்கிறது. மனவருத்தம் விளங்குகிறது. ஆனால் அதில் ஒன்றும் உங்களைக் காப்பாற்றாது, கவிழ்க்கவும் கவிழ்க்காது. சட்டத்துக்கு வேண்டிய வரி கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது: “ரெண்டு தரம் மிதிச்சாத்தான் பிரேக் பிடிக்குது எண்டு அவன் ரெண்டு கிழமைக்கு முன்னமே புத்தகத்தில எழுதினவன். மாசக் கணக்குப் பார்த்திட்டுச் செய்வம் எண்டு விட்டிட்டன்.”

உங்கள் வழக்கு முழுவதும் அந்த வரிதான்.

மாட்டை விடுங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு அந்த வீதியில் மாடு படுத்திருக்கும் என்பது வன்னியில் எல்லாருக்கும் தெரியும், நீதவானுக்கும் தெரியும். அதற்காகத்தான் பிரேக் இருக்கிறது. சாரதியின் கவனக்குறைவுக்கு ஓனர் பொறுப்பு என்பது எப்படியும் உள்ளது. ஆனால் பிரேக் பழுது என்று எழுத்தில் தெரிந்த பிறகும் பஸ்ஸை வீதியில் விட்டால் அது உங்கள் சொந்தக் கவனக்குறைவு. வாகனத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்கிறீர்கள். அது பரிசோதித்த நாளுக்கான சான்று. பரிசோதித்துப் பதினோராம் மாதத்தில் பிரேக் எப்படி இருந்தது என்பதற்கு அது பதில் சொல்லாது. அன்று ஒரு உயிர் போயிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, அதாவது கவனயீனத்தால் மரணம் விளைவித்தல், ஐந்து வருடம் வரை சிறை. விசாரணை சாரதியோடு நின்றிருக்கும் என்று நம்பாதீர்கள். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் ஒரு பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். இப்படி ஒன்று நடந்த பிறகு கராஜ் பில்லையும் லொக் புத்தகத்தையும் எடு என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சரி, புதுப் புத்தகத்துக்கு வருவோம். இன்று எழுதியதை அன்று எழுதியது போலக் காட்டுவது போலி ஆவணம். அதை உண்மையானதென்று ஒருவரிடம் நீட்டுவது அதே தண்டனைச் சட்டக்கோவையின் 459ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். அதைக் காட்டி ஒப்பந்தமும் எடுத்துவிட்டால் மோசடி என்ற கதையும் சேரும். பிரேக்கைச் செய்யாமல் விட்டது கவனக்குறைவு, அதைக் காசால் தீர்க்கலாம். புத்தகத்தை மாற்றினால் அது நேர்மையீனம், அதைத் தீர்க்க ஒரு வழியும் இல்லை. இது பற்றி என்னிடம் வழி கேட்கவும் வேண்டாம். கட்சிக்காரர் தன் சட்டத்தரணியிடம் சொன்னதை வெளியில் விடாமல் காக்கும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, குற்றம் செய்வதற்காகக் கேட்ட பேச்சைக் காக்காது.

சில வருடங்களுக்கு முன் வவுனியாப் பக்கம் சாரதி வைத்து டிப்பர் ஓடவிட்ட ஓனர் ஒருவர் என் கட்சிக்காரர். அவரும் இதையேதான் செய்தார், என்னிடம் சொல்லாமலே செய்தார். பதினான்கு மாதக் குறிப்பு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நீலப் பேனா. மழை நாளிலும் ஒரு பக்கத்திலும் சேறோ கிரீஸோ இல்லை. தைப்பொங்கல் அன்று கராஜில் பிரேக் லைனர் மாற்றியதாக ஒரு வரி. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி இதையெல்லாம் தொடவே இல்லை. புத்தகத்தைத் திருப்பி, பின் அட்டையின் அடியில் அச்சகம் போட்டிருந்த சின்ன எழுத்தை வாசிக்கச் சொன்னார். புத்தகம் அச்சடித்த மாதம், அதில் எழுதியிருந்த முதல் திகதிக்கு ஒன்பது மாதம் பிந்தியது. அப்புறம் சாரதியைக் கூண்டில் ஏற்றினார்கள். “இந்தக் கையெழுத்துகள் எப்போது வைத்தீர்கள்?” “ஒரு இரவில ஐயா, ஓனர் வீட்டு விறாந்தையில.” அந்த வழக்கு முதலில் ஒரு கால் முறிவுக்கு நட்டஈடு கேட்ட வழக்கு. நியாயமான ஒரு தொகையோடு முடிந்திருக்கும். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு என் கட்சிக்காரர் சொன்ன உண்மைகளையும் ஒருவரும் நம்பவில்லை. காப்புறுதிக் கொம்பனியும் கையை விரித்தது.

உங்கள் நிலை அதைவிட மோசம். பழைய புத்தகத்தில் அந்த வரியை எழுதிய கை, இப்போது பெட்டிசம் எழுதிய கை. இந்தக் காலத்தில் எந்தச் சாரதியின் கையில்தான் போன் இல்லை? அந்தப் பக்கத்தை அவர் படம் எடுத்து வைத்திருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு நடவுங்கள்.

ஆகவே பழைய புத்தகத்தை அப்படியே கொடுங்கள், இடைவெளி இருந்தால் இடைவெளியோடு. கூடவே இன்றைய திகதி போட்டு ஒரு பக்கக் கடிதம்: என்ன நடந்தது, அதன் பிறகு எந்த பஸ்ஸில் என்ன செய்தீர்கள், எந்தக் கடையில் சாமான் வாங்கினீர்கள், பழுது எழுதினால் பஸ்ஸை யார் நிறுத்துவது. கடைசி விஷயம்தான் முக்கியம். சாரதி பழுது என்று எழுதினால், ஓனரைக் கேட்காமலே அன்றைய ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். குறையை ஒத்துக்கொண்டு திருத்தத்தைக் காட்டியவர்களுக்கு நிபந்தனையோடு ஒப்பந்தம் கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் நீங்கள் இழப்பது ஒரு ஒப்பந்தம் மட்டும்தான்.

டயர், தீயணைப்புச் சிலிண்டர், புகைச் சான்றிதழ், சாரதியின் சீட் பெல்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் போய்ப் பாருங்கள்: காப்புறுதிப் பத்திரத்தில் நான்கு பஸ்ஸும் வாடகைக்கு ஆள் ஏற்றவென்று இருக்கிறதா, தனிப்பட்ட பாவனை என்று இருக்கிறதா? பின்னது என்றால் நாளைக்கே மாற்றுங்கள்.

அடுத்தது கை முறிந்த பிள்ளை. ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தேன், அதோடு முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. வழக்குப் போட அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருடம் இருக்கிறது. போனது எட்டு மாதம்தான். தையல் மெஷினில் வேலை செய்யும் பிள்ளைக்கு வலது கை. விரல் முன்போல மடங்காவிட்டால் அது வாழ்நாள் உழைப்பின் கணக்கு. இதில் நீங்கள் வெல்ல மாட்டீர்கள், அதனால் சமாதானமாக முடியுங்கள். வழக்குக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை உங்கள் பஸ்ஸை நம்பி ஏறியது. விடுபட்ட சம்பளம், இனி வரும் வைத்தியம், கை எவ்வளவு குணமாகும் என்று டொக்டர் எழுதித் தருவது, இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

ஆனால் காசைக் கொண்டுபோய் வீட்டில் கொடுக்காதீர்கள். காப்புறுதிக் கொம்பனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றாலோ தொகை பேசினாலோ, பத்திர நிபந்தனையைக் காட்டி அவர்கள் விலகிவிடுவார்கள். நல்ல மனதோடு கொடுக்கப் போய் முழுப் பாரத்தையும் தங்கள் தலையில் போட்டுக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். பிறகு சட்டத்தரணி ஊடாக, பேசுவது பிறகு வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பாதபடி, “உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று தலைப்பிட்ட கடிதத்தில் பேச்சைத் தொடங்குங்கள். கொடுத்த ஆஸ்பத்திரிக் காசுக்கும் பற்றுச்சீட்டுத் தேடி எடுங்கள்.

சாரதியின் விஷயம் சின்னது. நிலுவைச் சம்பளம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பங்கு 3. கட்டாமல் விட்டிருந்தால் அவருடைய அடுத்த பெட்டிசம் தொழில் திணைக்களத்துக்குப் போகும். பெட்டிசத்தை வாபஸ் வாங்கு என்று இந்தக் காசோடு சேர்த்துக் கேட்காதீர்கள். அவர் எழுதியது உண்மை.

இந்தக் கிழமைக்குள் என்னை வந்து பாருங்கள். காப்புறுதிப் பத்திரம், அந்த மாதத்துக் கராஜ் பில்கள், பழைய லொக் புத்தகம் மூன்றும் வேண்டும். புத்தகத்தை இருந்தபடியே கொண்டு வாருங்கள்.