டாக்டருக்கு மெயில் எழுதுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் வயதானவர்கள். பெரிய வீட்டில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், பிள்ளைகள் கடல் கடந்து இருப்பார்கள். அதனால் பல வருடமாக மெயிலிலும் பதில் சொல்லி வருகிறேன். இது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அம்மா தேவகோட்டையில் தனியாக இருக்கிறார்கள். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்காக நான் மெயில் எழுதலாமா?

எழுதலாம் தம்பி. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வீடியோ, போன் போலவே மெயிலையும் ஏற்றுக்கொள்கின்றன. நோயாளி தானே எழுதிக் கேட்டால் அதுவே சம்மதம். பிள்ளை எழுதும்போது அம்மா அதற்கு ஒப்புக்கொண்டது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவைக் கூட்டி வந்து, அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

சட்டம் இருக்கட்டும். அம்மாவுக்குத் தெரியாமல் மட்டும் எழுதாதீர்கள். ஒரு ஆச்சி என்னிடம் கேட்டார்கள்: "என் வியாதி சிங்கப்பூருக்குத் தெரியுது, சிகாகோவுக்குத் தெரியுது. வளவுக்குள்ள இருக்கிற எனக்குத் தெரியலையே?" அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு எழுதும் ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் "அம்மாவுக்கு" என்று நாலு வரி எளிய தமிழில் எழுதுகிறேன். அதைப் போனில் அப்படியே படித்துக் காட்டுங்கள். நீங்கள் சுருக்கிச் சொல்ல வேண்டாம்.

அம்மா மூன்று மாதம் சிங்கப்பூரில் எங்களோடு வந்து இருக்கும்போதும் உங்களிடமே கேட்கலாமா?

அந்த நெறிகள் இந்தியாவுக்கு உள்ளே மட்டும்தான். புறப்படும் முன் வந்து பாருங்கள். மருந்துகளின் பொதுப்பெயரோடு ஒரு கடிதம் தருகிறேன். நம்மூர் மாத்திரையின் கம்பெனிப் பெயரைச் சொன்னால் அங்கே உள்ள டாக்டருக்குப் புரியாது.

மெயில் போட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வரும்? (பள்ளத்தூர்)

நான் காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை பார்க்கிறேன். இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதால் ஒரு முறை பதறிப்போனேன். ஞாயிறு இரவு 9:40க்கு ஒரு மகன் எழுதியிருந்தார்: "அப்பாவுக்கு நெஞ்சு பாரமாக இருக்கிறதாம், கேஸ் மாத்திரை கொடுக்கலாமா?" நான் அதைத் திறந்தது திங்கள் காலை 7 மணிக்கு. நல்லவேளை, எதிர்வீட்டுக்காரர் இரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். அது மாரடைப்புதான்.

இப்போது எனக்கு மெயில் வந்த உடனே தானாக ஒரு பதில் போகும்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை கால் விழுதல், நினைவு தப்புதல் என்றால் எழுதாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இங்கிருந்து மதுரையோ திருச்சியோ போகவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். மெயிலுக்குக் காத்திருக்க அதில் எங்கே நேரம்?

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. நீளமாக எழுதினால் படிப்பீர்களா? (புதுவயல்)

நீளம் பிரச்சினை இல்லை. போன வாரம் வந்த ஒரு மெயில்: "டாக்டர், அம்மாவுக்குக் கால் வீங்குது, என்ன செய்யலாம்?" இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பக் கேட்டதும் இப்படி எழுதினார்கள்: "வயது 71. பத்து நாள் முன்பு நீங்கள் அம்லோடிபின் 5 தொடங்கினீர்கள். நாலு நாளாக இரண்டு கணுக்காலிலும் வீக்கம். சாயங்காலம் அதிகம், காலையில் குறைகிறது. வலி, மூச்சு வாங்கல் இல்லை. இன்று காலை பிரஷர் 138/84."

இப்போது எனக்குப் படம் போலத் தெரிகிறது. அம்லோடிபின் என்கிற அந்தப் பிரஷர் மாத்திரை சிலருக்கு இப்படி வீக்கம் தரும், மாற்றிக்கொள்ளலாம். மாத்திரையை மாற்றி, ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தேன். இதுவே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அது அன்றைக்கே நேரில் பார்க்க வேண்டிய விஷயம். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எந்த நேரம், என்ன மருந்து, வீட்டில் எடுத்த அளவு. இவ்வளவு இருந்தால் போதும் எனக்கு.

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பினால் போதாதா? (கானாடுகாத்தான்)

தப்பில்லை. ஆனால் மெல்லிய தாளை வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கல்லின் மேல் வைத்துப் படம் எடுக்கிறீர்கள். கீழே இருக்கிற பூ வேலைப்பாடு எழுத்தோடு கலந்து தெரிகிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதால் புள்ளியும் காணாமல் போகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு 1.4 என்பதை 14 என்று படித்தால் என்ன ஆகும்? லேபிலேயே பி.டி.எஃப் கேட்டு வாங்கி மெயிலில் அனுப்புங்கள். பழைய பதிலின் கீழேயே தொடர்ந்து எழுதினால் இரண்டு வருடக் கதையும் ஒரே இடத்தில் இருக்கும்.

மாத்திரை தீர்ந்துவிட்டது. மெயிலிலேயே சீட்டு தருவீர்களா? (கோட்டையூர்)

ஆறு மாதத்துக்குள் என்னை நேரில் பார்த்து, அதே நோய்க்கு அதே மருந்து என்றால் தரலாம். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையைத் தரக்கூடாது, விதி அனுமதிக்காது. ஃபீஸ் உண்டா என்று சிலர் கூச்சப்பட்டுக் கேட்டிருந்தீர்கள். உண்டு. ரசீதும் தர வேண்டும், தருகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மெயில்தான். பெண்கள் சம்பந்தப்பட்ட ஒரு தொந்தரவைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. (காரைக்குடி)

தயங்குவது நியாயம்மா. உங்களுக்கென்று தனி மெயில் ஐடி ஒன்று தொடங்கி, கிளினிக்குக்கு வரும்போது அதை எழுதிக் கொடுங்கள். அதற்கு மட்டும்தான் பதில் அனுப்புவேன். மெயிலின் தலைப்பு வரியில் நோயை எழுதாதீர்கள், போன் பூட்டியிருந்தாலும் அது திரையில் தெரியும். "சந்தேகம்" என்று போட்டால் போதும். கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

பழைய ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) தர இழுத்தடிக்கிறார்கள். (திருப்பத்தூர்)

மெயிலில் எழுதிக் கேளுங்கள் அண்ணே, தேதியும் நேரமும் தானே பதிவாகும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிக் குறிப்புகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். கைக்கு வந்ததும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். ராத்திரி மதுரைக்கு ஓட வேண்டி வந்தால் பைலுக்காகப் பெட்டகத்தைக் குடைய வேண்டியிருக்காது.